ஈயமும் வெள்ளீயமும்

சவரிமுத்து தன் ஆசிரியை கோமளவல்லியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு காலை வேளையில், பல்கலைக்கழக ஆய்வகத்தில். மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருந்தார் அவர். தலையில் கம்பளித் தொப்பி. முகத்தில் மட்டும் பழைய குறும்பு.

சவரிமுத்து அவரைவிட வயதில் மூத்தவர். பள்ளிக்கூட ஆசிரியர் வேலையை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். கண்ணாடித் துண்டின்மேல் முடியைவிட மெல்லிய படலம் பூசி, வெயிலை மின்சாரமாக்குவது அவர்கள் வேலை. ஈயம் சேர்ந்த படலம் நன்றாக உழைக்கும், ஆனால் நஞ்சு. வெள்ளீயம் சேர்ந்ததில் அந்த நஞ்சில்லை; காற்றுப் பட்டால் மதியத்துக்குள் வெளுத்துவிடும்.

"என்ன வாத்தியாரே, முகம் வாடிக் கிடக்கு? நோயாளி நான்தானே?"

"தை பிறந்தா என் ஆராய்ச்சிப் பதிவு காலாவதி, மேடம். வெள்ளீயம் நிக்கவே மாட்டேங்குது. ஈயத்துக்கு மாறினா ஆய்வேட்டை முடிச்சிடலாம். மாறட்டுமா?"

"ஈயத்துல செஞ்சது இருக்கா?"

சவரிமுத்து கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்து வந்தார். ஓரத்தில் விரிசல்.

கோமளவல்லி வெறுங்கையை நீட்டினார். "குடுங்க."

சவரிமுத்து சட்டென்று பின்வாங்கினார். "ஐயையோ, தொடாதீங்க! உடைஞ்சிருக்கு."

"நானே போகப்போற ஆள். இது என்னை என்ன பண்ணிடும்?"

"அப்படிப் பேசாதீங்க. தர மாட்டேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"போகப்போறவளுக்கே தர மனசு வரலை. பின்னே யார் வீட்டுக் கூரையில வைக்கிறதா உத்தேசம்?"

சவரிமுத்து அதைப் பெட்டியில் வைத்து மூடினார். பிடிவாதம் விடாமல் கேட்டார்.

"ஆனா வெள்ளீயம் கெட்டுப்போகுதே, மேடம்?"

"எங்க வீட்டு ரசச் சொம்பும் வெள்ளீயம்தான். வெறுமனே அடுப்புல வெச்சா உருகி ஓடிடும். அதுக்காக எங்கம்மா அதைத் தூக்கிப் போடலை."

"பின்னே?"

"முதல்ல புளித்தண்ணி. அப்புறம்தான் அடுப்பு."

சவரிமுத்து தன் மேசையைப் பார்த்தார். படலத்தைக் காற்றில் காட்டிவிட்டு, வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் இத்தனை நாளும் அதற்கு மேல்பூச்சு தேடியிருந்தார்.

கார்த்திகையில் கோமளவல்லி இறந்துபோனார். தை பிறந்தது, பதிவு காலாவதியானது. சவரிமுத்து மறுபடி பணம் கட்டிப் பதிந்துகொண்டார்.

அவருடைய வெள்ளீயப் படலம் இப்போது மொட்டை மாடியில் ஒரு மழைக்காலம் தாங்குகிறது.