வெறும் வட்டங்கள்

சீடர் எழுதிக் கொண்டுவந்த மூன்று பக்கங்களையும் படித்துவிட்டு, குரு அவற்றை அவர் மடியிலேயே விட்டெறிந்தாள்.

சீடர் நெல்லையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயது அறுபத்தொன்று. முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்தவர். எத்தனையோ நீதிபதிகள் வந்தார்கள், போனார்கள். ஒருவர்கூட அவர் எழுதியதைத் தூக்கி எறிந்ததில்லை. எறிந்த ஜெபசீலிக்கு முப்பத்தைந்து வயது, பிறவியிலேயே காது கேளாதவள். அவளைக் குருவாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவரேதான், யாரை நோக?

கைகள் பேசுவதைக் காகிதத்தில் எழுத ஒரு முறை உண்டு. அந்த ஊரில் அதைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவள் ஜெபசீலி ஒருத்திதான். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே ஒரு வட்டம் போடவேண்டும். அதுதான் முகம். புருவம், கண், வாய் எல்லாம் அதற்குள் வரும். வட்டத்துக்குக் கீழே கைகளும், அவை போகிற திசையும்.

நெல்லையப்பனின் மூன்று பக்கத்திலும் கைகள் அச்சடித்ததுபோல இருந்தன. வட்டங்கள் எல்லாம் காலி.

"முகம் எங்கே?" என்று ஜெபசீலியின் கைகள் கேட்டன. "என்ன எழுதியிருக்கீங்க?"

கைப்பேச்சில் நீ என்றும் நீங்கள் என்றும் தனித்தனியாக இல்லை. அவருடைய வயதுக்காக இங்கே 'நீங்க' என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள்.

அந்த மூன்று பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாடத்தியின் வாக்குமூலம். அவளுக்கும் காது கேட்காது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. போன மாதம் போர்மேன் அவளைத் தீக்குச்சி மருந்து வைக்கிற குடோனில் வைத்துப் பூட்டிவிட்டார். நெடியும் புழுக்கமுமாக இரண்டு மணி நேரம். உள்ளே ஆள் இருந்ததே தெரியாது என்று போர்மேன் சாதிக்கிறார். நெல்லையப்பன் கைகளுக்குக் கீழே தமிழிலும் எழுதியிருந்தார். விசாரணை அதிகாரி அதைப் படித்துவிட்டு, "தெரியாமப் பூட்டியிருக்காரு. இதுல என்ன இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்தார்.

நாலு மணிக்குள் மாடத்தி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாகவேண்டும். இப்படியே போட்டால், தெரியாமல் நடந்ததென்று விட்டுவிடுவார்கள்; போர்மேன் நாளைக்கே பழையபடி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். போடாவிட்டால் புகாரே கிடையாது. மணி இரண்டரை ஆகியிருந்தது.

"முகத்தை எதுக்கு டீச்சர் எழுதணும்?" நெல்லையப்பனின் கைகளும் சூடாகத்தான் வந்தன. "கூண்டுல ஏறி மாரடிச்சு அழுத சாட்சியெல்லாம் பார்த்திருக்கேன். 'அழுதார்'னு ஒரு நாளும் எழுதினதில்லை. சொன்னது எதுவோ அதுதான் ரெக்கார்டு."

"இவ என்ன சொன்னா?"

"அதான் எழுதியிருக்கேனே. ஒரு சொல் விடலை."

"சரி. எழுதினதை இவகிட்டேயே சொல்லுங்க. எழுதினதை மட்டும்."

நெல்லையப்பன் வீம்பாக எழுந்து மாடத்தியின் முன்னால் போய் நின்றார். காகிதத்தில் முகம் இல்லை, ஆகவே அவரும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கைகள் மட்டும் பிசகாமல் ஓடின. குடோனுக்குள் போனேன். மூட்டையைத் தூக்கினேன். போர்மேன் வந்தார். கதவைப் பூட்டினார். இருட்டு. தட்டினேன். தட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தார்கள்.

மாடத்தி கவனமாகப் பார்த்தாள். பிறகு ஜெபசீலியிடம் திரும்பி, "பாவம், யாருக்கு நடந்தது?" என்று கேட்டாள்.

"உனக்கு."

மாடத்தி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "எனக்கா? எனக்கு இப்படி நடக்கலை" என்றாள். "இதுக்கா நான் நேத்து முழுக்க உட்கார்ந்து சொன்னேன்?"

நெல்லையப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில் வருகிற நீர்தான். உதவி செய்யப்போன இடத்தில் இத்தனை பேச்சா?

"டீச்சர், சொல்லவேண்டாம்னு இருந்தேன். பூட்டினதைச் சொல்லும்போது இந்தப் பொண்ணு சிரிச்சா. பல் தெரியச் சிரிச்சா. அதை எழுதியிருந்தா அதிகாரி என்ன நினைப்பார்? இதெல்லாம் விளையாட்டுன்னு தூக்கிப் போட்டிருப்பார். இவ மானம் போகக்கூடாதேன்னுதான் எல்லா முகத்தையும் விட்டேன்."

ஜெபசீலி சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு மாடத்தியைப் பார்த்து, "கதவு. இன்னொரு தடவை" என்றாள்.

மாடத்தி மூட்டையோடு குனிந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். அப்புறம் உடம்பைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்பக்கம் போர்மேனாக நின்றாள். இப்போது தோள் அகன்றது, வயிறு முன்னால் வந்தது, கை வேட்டியை மடித்துக் கட்டியது. மூட்டை கிடந்த மூலையை, அங்கே இருந்த ஆளை, கண்ணுக்குக் கண் பார்த்தாள். ஒரு புருவம் ஏறியது. வாய் மெதுவாக விரிந்து பல் தெரிந்தது. அந்தச் சிரிப்பு மாறாமலே கை பூட்டை அழுத்தியது.

மறுபடி திரும்பியபோது அவள் மாடத்தி. கதவு சாத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றும் இதே வரிசையில்தான் சொன்னாள். நெல்லையப்பன் குனிந்து கைகளை எழுதிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கினார், அப்போது பல் தெரிந்தது.

"யாரு சிரிச்சது?" என்று ஜெபசீலி கேட்டாள்.

அவர் காலி வட்டங்களைப் பார்த்தார்.

"உங்க புண்ணியத்துல மானம் தப்பிச்சது யாருக்கு?"

நெல்லையப்பன் பக்கங்களோடு உட்கார்ந்தார். முதலில் தமிழ் வரியை அடித்துவிட்டு எழுதினார். என்னைப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். பூட்டினார். பிறகு மாடத்தியை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி, ஒவ்வொரு வட்டமாக நிரப்பினார். மாடத்தி விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு புருவத்தை மூன்று தடவை அழிக்க வைத்தாள்.

மணி மூன்றரை. பூட்டின இடத்து வட்டத்தில் பென்சில் நின்றது. கோர்ட்டில் பழகின கை, சும்மா இருக்குமா? நெல்லையப்பன் வாய்க்கு ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரொம்பப் பெரிசாப் போட்டா மிகைப்படுத்தினதுன்னு சொல்லிடுவாங்க டீச்சர். சிரிப்பை எவ்வளவு போடலாம்?"

ஜெபசீலி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்களை உள்ளே வச்சுப் பூட்டிட்டு அவன் சிரிச்சிருந்தா எவ்வளவு போடுவீங்களோ, அவ்வளவு."