உப்பளத்தில் உட்கார்ந்து எடுத்த பேட்டி

உப்பளத்தில் வேற்றுக்கிரகத்தார் இறங்கியிருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. தேடிப் போனவர்கள் கண்ணில் எவரும் படவில்லை. கால்கள் விளங்காமல் கையூன்றித் தவழ்ந்து போகும் இசக்கியம்மாளிடம் மட்டும் அவர்கள் பழகித் தமிழும் கற்றுக்கொண்டார்கள்.

நிருபர் வேலை கேட்டு அவள் போனபோது பத்திரிகை ஆசிரியர் சபாநாயகம் சிரித்தார்.

"செய்திக்காரன் ஓடணும்மா. நீ எங்கே ஓடுவே? நானே அவங்களை நேருக்கு நேர் நின்னு பேட்டி எடுத்துப் போட்டாச்சு. ஆளுக்கு ஆறடி உயரம். உனக்குப் பழக்கம்னா நாளைக்கு ஊர் முன்னால கூப்பிட்டுக் காட்டு, வேலை தாரேன். வரலைன்னா இந்த வாசலை மிதிக்காதே."

மறுநாள் உப்பளத்தில் ஊரே கூடியது.

"ஐயாவும் பழகினவர்தானே. முதல்ல நீங்க கூப்பிடுங்க," என்றாள் இசக்கி.

அவர் தொண்டை வற்றக் கூப்பிட்டார். உப்புக்காற்றுதான் வந்தது.

"எல்லாரும் தரையில உட்காருங்க," என்றாள் அவள்.

ஊர் உட்கார்ந்தது. வேட்டி அழுக்காகும் என்று ஆசிரியர் மட்டும் நின்றார். இசக்கி கூப்பிட்டாள். உப்புக் குவியலின் மறைவிலிருந்து முழங்கால் உயரத்தில் நான்கு பேர் வெளியே வந்தார்கள். முகத்துக்கு முகம் நேராக இல்லாதவர் முன்னால் வருவது அவர்கள் வழக்கமில்லை. ஆசிரியர் நின்றிருந்தும் இசக்கியின் அழைப்புக்காக வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஆசிரியரை அண்ணாந்து பார்த்து அவளிடம் கேட்டார்: "பாவம், அவருக்கு உட்கார வராதா?"

"வராது," என்றாள் இசக்கி. "அதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. சபாநாயகம் மெல்லக் குனிந்து உப்பில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நீயே கேட்டு எழுது, தாயி. நாளைக்கு உன் பேரிலேயே வரட்டும்."