போதும்பொண்ணுக்கு முதல் காப்பு

கதைக்கு 'ம்' கொட்டினால் மட்டும் போதாது. முடிவில் வாயைத் திறந்து பதிலும் சொல்ல வேண்டும். சம்மதமென்றால் கேளுங்கள்.

தேனிப் பக்கத்தில் மொக்கச்சாமி என்றொருவர். வரிசையாக நாலு பெண்கள். அடுத்ததாக ஒரு பையன் வேண்டுமென்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். "இனிமே மாட்டேன்" என்றாள் மனைவி ஒச்சம்மாள். மொக்கச்சாமியின் அக்கா வீராயி, பிள்ளையில்லாதவள், நடுவில் புகுந்தாள். "பையன்தான் பொறப்பான். பொண்ணாப் போச்சுன்னா நானே தூக்கிட்டுப் போயி வளத்துக்கிறேன்" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாள். அதன் பிறகே ஒச்சம்மாள் இறங்கி வந்தாள்.

பிறந்தது பெண். இத்தோடு பெண்கள் போதும் என்று சாமிக்குப் புரியட்டுமென்று, அந்தப் பக்கத்து வழக்கப்படி, 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்தார் அப்பா. சொன்ன சொல் தவறாமல் வீராயி தொட்டிலோடு வந்து நின்றாள். ஒச்சம்மாளோ பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. "தர மாட்டேன் மதினி. இவ எங்கிட்டயே இருக்கட்டும்." வெறுந்தொட்டிலோடு திரும்பினாள் வீராயி, பாவம்.

பெயர்தான் அப்படி. போதும்பொண்ணு சிரிப்புக்குக் குறைவில்லாமல் வளர்ந்தாள், டிராக்டர் ஓட்டப் பழகினாள், மனதுக்குப் பிடித்தவனையே கட்டிக்கொண்டாள். பிறந்ததில் அவளுக்கு வருத்தமே இல்லை. தான் யாருக்காவது வேண்டிய பிள்ளைதானா என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வளைகாப்பு அன்று கையை நீட்டிச் சொல்லிவிட்டாள்: "என்னைய வேணும்னு நெனச்சவங்க யாரோ, அவங்கதான் முதல் காப்புப் போடணும்."

வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த அந்தக் காப்புக்கு மூன்று பேர் போட்டி. "பிள்ள வேணும்னு அடம்பிடிச்சவன் நாந்தானே தாயி?" என்றார் அப்பா. ஆம்பளை வளையல் போட்டுவிடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள், அவர் அசையவில்லை. "பொண்ணுன்னாலும் ஏத்துக்கிறேன்னு மொதல்லயே சொன்னவ நான் ஒருத்திதான்" என்றாள் அத்தை. "வேணாம்னு சொன்னவதான் நான். இருந்தாலும் எங்கிட்டக் குடு" என்றாள் அம்மா.

இப்போது சொல்லுங்கள்: முதல் காப்பைப் போடும் உரிமை யாருக்கு?

அம்மாவுக்கே. அப்பா ஆசைப்பட்டது ஒரு பையனுக்கு. அத்தை நல்லவள், ஆனால் எந்தப் பெண் பிறந்தாலும் ஏற்க இருந்தாள், இவள்தான் வேண்டுமென்று அல்ல. இரண்டாவது காப்பு அவளுக்கு. அம்மா வேண்டாமென்றது போதும்பொண்ணை அல்ல, அப்போது அப்படி ஒருத்தி இல்லவே இல்லையே! இல்லாதவளை விரும்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. வந்தவளின் முகத்தைப் பார்த்து, இவள்தான் வேண்டுமென்று மடியில் இறுக்கிக்கொண்டவள் ஒச்சம்மாள். போதும்பொண்ணும் அப்படித்தான் தீர்த்தாள். காப்பு ஏறியதும் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், "ஒனக்குப் பையன் வேணுமா, பொண்ணு வேணுமா?"

போதும்பொண்ணு வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "வரட்டும்க்கா. மொகத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."