பூட்டிய குழாய்கள்

பேராசிரியை ரெபேக்கா பரம்பரை இரத்த நோய்களை ஆராய்வதிலேயே தலை நரைத்தவர். தலசீமியா உள்ள குழந்தைகளின் உடலில் இரும்பு எவ்வாறு தேங்கி ஈரலையும் இதயத்தையும் கெடுக்கிறது என்பது அவருடைய வாழ்நாள் ஆய்வு. கோமதி அவரிடம் முனைவர் பட்டத்துக்காகச் சேர்ந்திருந்தாள்.

ஒரு காலை அவள் ஆசிரியையின் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், இன்னாசிமுத்து என் இரத்த மாதிரிகளைக் கெடுக்கிறார்."

இன்னாசிமுத்து அதே ஆய்வகத்தில் ஒப்பந்தத்தில் பணிபுரியும் மூத்த ஆய்வாளர்.

"பார்த்தாயா?"

"பார்க்கவில்லை. போன மாதம் ஒரு குழந்தையின் இரத்தத்தில் இரும்பு நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருந்தது. அன்று என் மேசையருகே நின்றவர் அவர் ஒருவர்தான். என்னைக் கண்டதும் விசில் அடித்துக்கொண்டு நகர்ந்தார்."

"விசில் அடிப்பது குற்றமா?"

"மற்ற நாள்களில் அவர் விசில் அடிப்பதில்லை, மேடம்."

ரெபேக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பிறகு?"

"கழுவிய சோதனைக் குழாய்களை வெளியே காயவைப்பதை நிறுத்திவிட்டேன். கழுவிய கையோடு மூலையிலிருக்கும் பழைய பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். சாவி என் கழுத்தில் கிடக்கிறது. அப்படியும் இப்போது எல்லா மாதிரிகளிலும் இரும்பு ஏறுகிறது. கள்ளச் சாவி செய்திருக்கிறார். இன்று பிற்பகல் இயக்குநரிடம் சொல்லப்போகிறேன். நீங்களும் உடன் வர வேண்டும்."

"நானும் வந்து சொன்னால் மாலைக்குள் அவன் வேலை போய்விடும்."

"போகட்டும்."

"சரி, வருகிறேன். அதற்கு முன் உன் பீரோவிலிருந்து ஒரு குழாய் எடு. அவன் தட்டிலிருந்தும் ஒன்று எடு."

இருவரும் ஆய்வகத்துக்குச் சென்றனர். இன்னாசிமுத்துவின் குழாய்கள் சன்னலோரம், யார் வேண்டுமானாலும் தொடும் இடத்தில் காய்ந்துகொண்டிருந்தன. கோமதி அவற்றில் ஒன்றை எடுத்தபோது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"தாராளமாக எடு, கோமதி. என்னையும் அந்தப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடேன். உனக்கும் தூக்கம் வரும்."

கோமதி பீரோவைத் திறந்து தன் குழாய் ஒன்றையும் எடுத்து வந்தாள். ரெபேக்கா சிரிக்கவில்லை.

அவர் இரண்டு குழாய்களிலும் தூய நீரை மட்டும் ஊற்றினார். இரும்பு இருந்தால் ஊதாவாக மாறும் கரைசலை ஒவ்வொன்றிலும் சில துளிகள் விட்டார். மூவரும் காத்திருந்தனர்.

சன்னலோரக் குழாய் தெளிந்த நீராகவே இருந்தது. பீரோக் குழாயின் அடியில் ஊதா நிறம் கிளம்பி மெல்ல மேலேறியது.

"பார்த்தீர்களா? பீரோவைத் திறந்திருக்கிறார்," என்றாள் கோமதி.

ரெபேக்கா அவளிடமிருந்து சாவியை வாங்கிப் பீரோவைத் திறந்தார். ஈரவாடை வீசியது. குழாய்களுக்கு நேர் மேலே இருந்த தட்டின் அடிப்புறத்தை விரலால் தடவி, அவ்விரலைக் கோமதியின் முன் நீட்டினார். அது செங்காவி நிறமாயிருந்தது. துருவின் பொடி அவள் கண்முன்னே உதிர்ந்தது.

"உள்ளே வைத்த குழாய்கள் ஈரமாகத்தானே இருந்தன?"

"ஆமாம்."

"அவற்றில் ஒருமுறையாவது வெறும் நீரை ஊற்றி இரும்பை அளந்து பார்த்தாயா?"

"இல்லை, மேடம். பூட்டி வைத்தவைதானே என்று..."

விட மனமில்லாதவளாய் மேலும் கேட்டாள்.

"அப்படியானால் அந்த முதல் நாள்? அப்போது நான் பீரோவையே தொட்டதில்லையே."

"அன்று நடந்தது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

இன்னாசிமுத்து தன் மேசையில் இருந்தபடியே கேட்டான். குரலில் இப்போது கேலி இல்லை.

"மேடம், நான் என் சாமான்களைக் கட்டிவைக்க வேண்டுமா? தெரிந்தால் வீட்டில் சொல்லிவிடுவேன்."

ரெபேக்கா கோமதியைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றாள் கோமதி. அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. ஆசிரியையின் பக்கம் திரும்பினாள்.

"சந்தேகம் இல்லாமல் ஆராய்ச்சி இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"சொன்னேன்," என்றார் ரெபேக்கா. "உன் பூட்டை மட்டும் ஏன் சந்தேகிக்காமல் விட்டுவிட்டாய்?"