சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

கோவில்பட்டியில் ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தது கொஞ்சம், தெரியும் என்று பேசியது நிறைய. அவர் கடையில் டைப் அடிக்கிற வேலை செண்பகவல்லிக்கு.

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று, ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் எழும்பவே இல்லை. அடித்து வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை உள்ளே மாட்டிக்கொண்டது. கல்யாணப் பெண்ணுக்கு அப்பா எதிரிலேயே உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டு வச்சிருக்கேன். விண்டோஸ் இல்லாமலே அதுலருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பி, பத்திரிகையை எடுத்துரலாம்” என்றாள் செண்பகவல்லி.

அண்ணாச்சி அவள் கையிலிருந்த பென்டிரைவைப் பிடுங்கி, கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டையில் திணித்தார். திரையில் ஒன்றும் வரவில்லை.

“உன் லினக்ஸோட லட்சணம் இதானா? பத்திரிகை வரலைன்னா நாளைலருந்து நீயும் வராதே!”

செண்பகவல்லி பவ்யமாகக் கேட்டாள்.

“பூஜைக்கு இந்தக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வச்சது யாரு, அண்ணாச்சி?”

“நான்தான்! வேற ஆளைத் தொட விடுவேனா? ஒரு ஓட்டை பாக்கியில்லாம என் கையாலயே அப்பினேன்!”

அவள் பென்டிரைவை உருவினாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று மேஜையில் உதிர்ந்தது. பெண்ணுக்கு அப்பா, அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டார்.

பென்டிரைவைத் துடைத்து, சுவரோடு ஒட்டியிருந்த பின்பக்கத்தில் செருகினாள். லினக்ஸ் எழுந்தது. பத்திரிகையும் கிடைத்தது.

“அதெப்படி, பின்னாடி மட்டும் வேலை செய்யுது?” என்று முனகினார் அண்ணாச்சி.

“அங்கே உங்க கை எட்டலையே, அண்ணாச்சி.”