மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்

சபீனாவையும் பொன்னரசியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பொன்னரசிதான் மூத்தவள். ஆனால் திருநங்கைகள் ஒரே குடும்பமாகக் கூடி வாழும் ஜமாத்தில் பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை. யார் முன்னால் வந்தார்கள் என்பதுதான் அங்கே கணக்கு. தலை நரைத்த பிறகு வந்து நின்ற பொன்னரசியை, சபீனா தன் சேலாவாக, அதாவது சிஷ்யையாக, ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து தன்னைவிட இளையவரை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

பொன்னரசிக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வருஷா வருஷம் நகரத்தில் நடக்கும் வானவில் பேரணி. தபால் நிலைய முக்கில் கிளம்பி, மேம்பாலம் ஏறி இறங்கி, மைதானத்தில் போய் முடியும். அங்கே மேடை, பாட்டு, ஆட்டம், சாப்பாடு. போலீஸ் அனுமதி வாங்குவதிலிருந்து பந்தல்காரரோடு மல்லுக்கட்டுவது வரை எல்லாம் அவள் தலையில்தான் விடியும். அன்றைக்கு அவளைப் பார்க்கவேண்டுமே. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி, மைக்கும் கையுமாக முன்னால் ஓடிக்கொண்டே இருப்பாள்.

இந்த வருஷம் பேரணிக்கு முதல் நாள், குருவின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். சபீனா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மரகதம் வரமாட்டேங்கிறாம்மா" என்றாள் பொன்னரசி.

மரகதத்தைச் சபீனாவுக்குத் தெரியும். தையல்காரி. சின்ன வயதில் போலியோ வந்து கால் சூம்பிப்போனவள். தன்னைப் போல ஒரு பெண்ணையே நேசித்ததற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள். முதல் பேரணியில் ஆளே சேராதபோது, பேனரின் ஒரு முனையைப் பொன்னரசி பிடித்துக்கொள்ள, மறுமுனையைத் தன் ஊன்றுகோலில் கட்டிக்கொண்டு கடைசிவரை நடந்தவள் அவள்தான். இப்போது வயதாகிவிட்டது. தோள் இரண்டும் தேய்ந்து, நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது.

போன வருஷம் அவளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் பொன்னரசி ஒரு வேன் பிடித்தாள். வேனுக்குச் சாமந்திப்பூ மாலை எல்லாம் போட்டு அமர்க்களப்படுத்தியிருந்தாள். கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாமென்று அதை முன்னாலேயே மைதானத்துக்கு அனுப்பியும் வைத்தாள். நாற்காலி போடுகிறவர்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லாத மைதானத்தில், வேனின் ஜன்னல் வழியாக மேம்பாலத்தையே பார்த்தபடி மரகதம் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் பொன்னரசியிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"இந்த வருஷம் எதை விட்டேன் சொல்லுங்க. மேடைக்குச் சாய்தளம் போட்டாச்சு. காது கேக்காதவங்களுக்குச் சைகையில சொல்ல ஒரு பொண்ணு வருது. சக்கர நாற்காலி நுழையிற மாதிரி கக்கூஸுக்கு நாயா அலைஞ்சேன். வேன்கூட ஏசி வேன்."

"அவ என்ன சொல்றா?"

"'ஏத்திட்டுப் போறீங்க, இறக்கி விடுறீங்க. நான் எப்ப உங்ககூட வந்தேன்?'னு கேக்குறா." பொன்னரசியின் குரல் உடைந்தது. "அவ இல்லாம எனக்கு என்னம்மா பேரணி? இன்னும் நான் என்ன செய்யணும்?"

சபீனா தண்டுகளை ஒருபுறம் ஒதுக்கினார்.

"நாளைக்கு நானும் வர்றேன்."

"உங்களுக்கு எப்பவும் மேடையில நாற்காலி இருக்கேம்மா."

"மேடைக்கு இல்ல. நடக்க. நான் கூப்பிட்டேன்னு மரகதத்துக்கிட்ட சொல்லு."

சபீனா கூப்பிட்டதால் மறுநாள் மரகதம் வந்தாள். பொன்னரசி நின்ற பக்கம் திரும்பவில்லை. சபீனா மரகதத்தின் அருகே போய், பேனருக்கு முன்னால், சாலையின் நடுவில் நின்றுகொண்டார்.

குருவை முந்திக்கொண்டு சேலா நடப்பது ஜமாத்தில் சாதாரணக் குற்றமில்லை. ஆகவே மைக்கைப் பிடித்துக்கொண்டு பொன்னரசி பின்னால் நின்றாள். அவள் நின்றதால் மற்றத் திருநங்கைகள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பறை அடிக்கிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பிள்ளைகளுக்காக வந்த அப்பா அம்மாக்கள் என்று அத்தனை பேரும் நின்றார்கள்.

மரகதம் நாலு எட்டு வைத்தாள். நின்றாள். சபீனாவும் நின்று, காற்றில் பறந்த முந்தானையை நிதானமாகச் சரிசெய்தார். மொத்த ஊர்வலமும் நின்றது. மரகதம் மறுபடி ஊன்றுகோலை எடுத்து வைத்த பிறகுதான் நகர்ந்தது.

முதலில் பின்னாலிருந்து சலசலப்பு வந்தது. என்ன முன்னால், கல்யாண ஊர்வலமா என்று ஒரு பையன் கிண்டலடித்தான். பறைக்காரர்கள் வேகமாக அடித்துப் பார்த்துவிட்டு, நடைக்குத் தோதாக அடியை இறக்கிக்கொண்டார்கள். அது கிட்டத்தட்ட சாவு வீட்டு அடி போலக் கேட்டது. பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் வேறு இரண்டு தடவை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டார்.

பொன்னரசி குருவுக்கு அரை எட்டுப் பின்னால் வந்து கிசுகிசுத்தாள். அனுமதி ஆறு மணி வரைக்கும்தான் என்றாள். வேனைக் கூப்பிடட்டுமா என்று கெஞ்சினாள். சபீனா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மரகதத்துக்குத்தான் அது கேட்டுவிட்டது.

"என்னாலதான் லேட்டாகுது" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "நான் ஓரமா உக்காந்துக்கிறேன். நீங்க போங்க."

"உக்காரு. நானும் உக்காந்துக்கிறேன்" என்றார் சபீனா.

மரகதம் ஊன்றுகோலை எடுத்து வைத்தாள்.

பொன்னரசி பின்பக்கத்தை ஒழுங்குபடுத்தப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் ஊர்வலத்தின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஏசி வேன் காலியாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இந்த வேகத்துக்கு வேன் எதற்கென்று எல்லாரும் இறங்கிவிட்டார்களாம். வேனில் வந்த செபாஸ்டின் தன் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு, கல்லூரிப் பெண் ஒருத்தியோடு ஏதோ வழக்கடித்தபடி வந்தார். காது கேளாத பையன்கள் சைகைக்காரப் பெண்ணின் கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். யாரும் இடித்துத் தள்ளாததால் அவர்களுக்கு அது முடிந்தது. வருஷா வருஷம் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் பெரியவர் ஒருவர், நடையின் நிதானத்தில் துணிவு வந்தோ என்னவோ, தடியை ஊன்றிக்கொண்டு சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் பார்த்தும் பொன்னரசியின் மனம் கடிகாரத்திலேயே இருந்தது.

மேம்பாலத்தின் அடிக்கு வந்தபோது மணி ஆறு. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் சொன்னார். இனிமேல் பாலத்தை மறிக்க முடியாது, இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள் என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் மேடையின் விளக்குகள் எரிவது தெரிந்தது. ஒலிபெருக்கியில் பாட்டுகூடக் கேட்டது.

பறை நின்றது. மரகதம் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சபீனா அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

பொன்னரசிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. அவள் குருவின் முன்னால் வந்து நின்றாள்.

"உங்களை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசினதில்லம்மா. இன்னிக்குக் கேக்குறேன். இவ்வளவு பாடுபட்டும் மைதானத்துக்கு வந்து சேரலையே."

சபீனா பாட்டிலை வாங்கி மூடினார்.

"யார் வந்து சேரல?"

பெயர்களைச் சொல்லிவிடத்தான் பொன்னரசி திரும்பினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். மரகதத்திடம் வந்தபோது, அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

அவளுக்குச் சொல்ல ஒரு பெயரும் கிடைக்கவில்லை.