பானெட்டில் நெளிந்த கோடுகள்

தவசிலிங்கம் எவர்சில்வர் பட்டறையில் பாலிஷ் போட்டுப் பிழைத்தவன். குடத்தைச் சக்கரத்தில் கொடுத்து, நெஞ்சு பலத்தையெல்லாம் திரட்டி அழுத்தினால்தான் அங்கே பளபளப்பு வரும். பட்டறை மூடிய பிறகு, மதுரை பைபாஸ் ரோட்டில் ஜெசிந்தா நடத்திய கார் பாலிஷ் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தான்.

ஜெசிந்தா அவனைவிடப் பத்து வயது இளையவள். அவன் அவளை மாஸ்டர் என்றான். அவள் அவனை அண்ணே என்றாள்.

"பெரிய வேலை எப்ப குடுப்பீங்க மாஸ்டர்?"

"கை லேசாகட்டும்ண்ணே."

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். சக்கரங்களைத் துடைப்பதும், கதவின் உள்பக்கத்தைத் தேய்ப்பதுமாகவே அவனுக்கு மாதங்கள் போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் அந்தக் கறுப்பு கார் வந்தது. பழைய வண்டி. உமையாள் ஆச்சி அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகளுக்கு மறுநாள் கல்யாணம். அப்பாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று மகள் ஒரே பிடியாக நின்றாளாம்.

"பெயிண்ட் மட்டும் அடிச்சிராதீங்க" என்றாள் ஆச்சி. "தினம் காலையில அவுகளே துடைச்சுத் துடைச்சு வச்சிருந்த வண்டி. இருக்கிறதை அப்படியே துலக்கிக் குடுங்க, போதும்."

ஜெசிந்தா காலையிலிருந்து ஒவ்வொரு பக்கமாக முடித்துக்கொண்டே வந்தாள். முன்பக்க மூடியான பானெட் மட்டும் பாக்கி. மிஷினில் மாட்டித் தேய்க்கிற மெல்லிய பஞ்சு பேட் தீர்ந்து போயிருந்ததால் டவுனுக்கு வாங்கிவரக் கிளம்பினாள்.

"பானெட்டை உங்க கையில தர்றேன்ண்ணே. ஆனா நான் வந்த பிறகு. அதுவரைக்கும் தொடாதீங்க."

தவசிலிங்கம் தலையாட்டினான். அவள் வண்டி ரோட்டில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

மாஸ்டர் திரும்பி வரும்போது வேலை முடிந்திருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் கை பரபரத்தது. கனத்த மிஷினை எடுத்தான். கம்பளி பேடை மாட்டினான். பானெட்டின் மேல் வைத்து, பட்டறையில் குடத்தை அழுத்துகிற மாதிரியே அழுத்தினான்.

டியூப்லைட்டில் பானெட் கண்ணாடி மாதிரி மின்னியது. அவன் முகம், ஷெட்டின் தகரக் கூரை, தொங்குகிற ஒயர் எல்லாம் அதில் தெரிந்தன. இவ்வளவுதானே வேலை என்று சிரித்துக்கொண்டான். வண்டியை மெதுவாக வெளியே உருட்டினான்.

வெயில் பட்டதும் சிரிப்பு நின்றது.

பானெட் முழுக்கப் புகை படிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். மிஷின் போன வழியெல்லாம் வளைந்து நெளிந்து கிடந்தன. தலையை இடப்பக்கம் சாய்த்தால் அவையும் சாய்ந்தன. வலப்பக்கம் நகர்ந்தால் கூடவே நகர்ந்தன. துணியால் துடைத்தான். போகவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினான். காய்ந்ததும் திரும்பி வந்தன.

வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் அதே மிஷினை எடுத்து இன்னும் பலமாக அழுத்தினான். பானெட் கையால் தொட முடியாதபடி சுட்டது. வெளியே கொண்டுவந்து பார்த்தால் கோடுகள் கூடித்தான் இருந்தன.

அலமாரியில் எண்ணெய்ப் பசையான ஒரு கிரீம் இருந்தது. கீறல்களுக்குள் போய் நிரம்பி, கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும். அதை பானெட் முழுக்கத் தடவித் துடைத்தான். வெயிலில் நிறுத்திப் பார்த்தான். கறுப்பு. ஆழமான, சுத்தமான கறுப்பு. ஒரு கோடுகூட இல்லை.

ஜெசிந்தா வந்து இறங்கினாள். பின்னாலேயே ஆட்டோவில் ஆச்சியும் வந்துவிட்டாள்.

ஆச்சி பானெட் முன்னால் நின்று வெகு நேரம் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"புதுசு மாதிரி இருக்கும்மா."

ஜெசிந்தா குனிந்து, விரல் நுனியால் பானெட்டைத் தொட்டாள். விரலை மூக்கருகே கொண்டு போனாள். பிறகு தவசிலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் அருகில் வந்து, ஆச்சிக்குக் கேட்காத குரலில் சொன்னான். "கோடு விழுந்துருச்சு மாஸ்டர். மறைச்சிட்டேன்."

அவள் மறுபடியும் பானெட்டைப் பார்த்தாள்.

"யார் கண்ணுக்குமே தெரியலேன்னா, அது குறையா மாஸ்டர்?"

ஜெசிந்தா உள்ளே போனாள். ஸ்பிரிட் கலந்த தண்ணீர் பாட்டிலையும் வெள்ளைத் துணி ஒன்றையும் எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"துடைங்கண்ணே."

"ஆச்சி நிக்கிறாங்க மாஸ்டர்."

"ஆமா."

அவன் ஒரு மூலையில் ஸ்பிரிட்டை அடித்துத் துணியை ஓட்டினான். துணி போன இடத்தில் கிரீம் கரைந்து கோடுகள் எழுந்து வந்தன. இன்னொரு தரம் துடைத்தான். இன்னும் கொஞ்சம் வந்தன. முழு பானெட்டையும் துடைத்து முடித்தபோது சாய்வெயில் அதன் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"என்னது இது?" என்றாள் ஆச்சி.

தவசிலிங்கம் தரையைப் பார்த்தான். "நான் பண்ணினதும்மா. மாஸ்டர் தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. மிஷினை அழுத்திட்டேன். அப்புறம் கிரீமைத் தடவி மறைச்சேன்."

ஆச்சி அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"சரி பண்ண முடியுமா?" என்று ஜெசிந்தாவைக் கேட்டாள்.

ஜெசிந்தா பெயிண்ட்டின் கனத்தை அளக்கும் சின்ன மீட்டரை பானெட்டில் அங்கங்கே வைத்து எடுத்தாள். ஒவ்வோர் இடத்திலும் அவள் முகம் இறுகியது.

"நிறத்துக்கு மேல ஒரு பூச்சு இருக்கு ஆச்சி. கோடெல்லாம் அதுலதான் விழுந்திருக்கு. இன்னும் ஒரு தடவை தேய்க்க அதுல இடம் இருக்கு. அதுக்கு மேல தேய்ச்சா நிறம் பேந்துரும். அப்புறம் பெயிண்ட்தான் அடிக்கணும்."

"அப்ப நீங்களே பண்ணுங்க."

"அவர் பண்ணட்டும்னு நினைக்கிறேன்."

ஆச்சி எழுந்து நின்றாள். "விளையாடுறீங்களாம்மா? இந்தக் கோலம் பண்ணினதே அவர்தானே?"

"எந்த இடத்துல எவ்வளவு அழுத்தினார்னு அவர் கைக்குத்தான் தெரியும் ஆச்சி. எனக்குத் தெரியாது. வண்டி உங்களுது. நீங்க வேண்டாம்னா நான் பண்றேன்."

"வேண்டாம் மாஸ்டர்" என்றான் தவசிலிங்கம். "என்னால ஆகாது."

ஜெசிந்தா அலமாரியைத் திறந்தாள். அதிர்ந்துகொண்டே சுற்றுகிற சின்ன மிஷினை எடுத்தாள். புதிதாக வாங்கிவந்த பஞ்சு பேடை மாட்டினாள். அதில் சந்தனம் மாதிரி நைசான பாலிஷைத் தொட்டு வைத்தாள். மிஷினை அவனிடம் கொடுத்துவிட்டு, தன் இடது கையை பானெட் மேல் விரித்து வைத்தாள்.

"என் கை மேல ஓட்டுங்க."

"மாஸ்டர்!"

"ஓட்டுங்கண்ணே. வலிச்சா சொல்றேன்."

ஆச்சி கிட்டே வந்து நின்றாள்.

அவன் சுவிட்சைப் போட்டான். மிஷின் உறுமியது. அவளுடைய புறங்கையில் நரம்புகள் தெரிந்தன. மோதிர விரலில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று. பேடை அதன்மேல் இறக்கினான். தோள், முழங்கை, மணிக்கட்டு எங்கும் பலம் இறங்கிவிடாமல் மிஷினைப் பிடித்தான். அவள் கையில் பாரம் கூடிவிடக் கூடாது என்று மிஷினின் எடையிலும் பாதியைத் தானே தாங்கினான். அவ்வளவு லேசாக அவன் கை இதுவரை எதையும் பிடித்ததே இல்லை. வியர்வை புருவத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

பேட் அவள் கையைத் தாண்டி பானெட்டுக்கு வந்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள் ஜெசிந்தா. கையை மெல்ல உருவிக்கொண்டாள். "அப்படியே போங்க."

அவன் கண் ஆச்சியின் பக்கம் போனது. ஆச்சி ஜெசிந்தாவின் கையைப் பார்த்தாள். சிவக்கக்கூட இல்லை.

"செய்யட்டும்" என்றாள்.

அவன் செய்தான். ஒரு சாண் இடத்தை முடித்து, துடைத்து, அடுத்த சாணுக்குப் போனான். மதியம் அதிகமாக அழுத்திய இடங்களை அவன் கை நினைவு வைத்திருந்தது. அந்த இடங்களில் மூச்சுகூட மெதுவாகத்தான் போனது. நடுவில் ஒருமுறை பயத்தில் கை இறுகியது. உடனே பேட் சுற்றாமல் நின்றுவிட்டது. திகைத்து ஜெசிந்தாவைப் பார்த்தான்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

அவன் கையைத் தளர்த்தினான். பேட் மறுபடி சுற்றியது.

கடைசி ஓரத்தை முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தான். பானெட் முழுக்க அடித்தான். துடைத்தான். மூவரும் குனிந்து பார்த்தார்கள். மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியன் ஒரே புள்ளியாக அந்தக் கறுப்பில் நின்றது. அதைச் சுற்றி எதுவும் நெளியவில்லை.

ஆச்சி சாவியை வாங்கிக்கொண்டாள். ஜெசிந்தாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கியவள், தவசிலிங்கத்தை ஏதோ சொல்லப்போவது போல் பார்த்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

தவசிலிங்கம் வாசல்படியில் உட்கார்ந்தான். மனசுக்குள் ஒரு நிம்மதி மெல்லத் தலைகாட்டியது.

"ஒரு கோடுகூட இல்லையில்ல மாஸ்டர்?"

"இல்லண்ணே."

"எல்லாத்தையும் எடுத்துட்டோம்."

ஜெசிந்தா மிஷினிலிருந்து பேடைக் கழற்றினாள். தேய்ந்து வந்த பூச்சு அதன் முகமெல்லாம் வெள்ளையாக அப்பியிருந்தது. அதை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"கோடுங்கிறது பள்ளம்ண்ணே, அதை யாராலயும் எடுக்க முடியாது. அதைச் சுத்தி நல்லா இருக்கிற பூச்சைத்தான் எடுக்க முடியும். இன்னைக்கு நாம எடுத்தது அதைத்தான்."